கவ்ரிலா வீட்டுப் பங்கு

பூசை பாதியில் இருக்கும்போது வாசலை ஒட்டிய பெண்கள் அறையில் முதல் மழைச் சொட்டு விழுந்தது. தொப்பியைக் கையில் பிடித்தபடி ஆண்களோடு நின்ற கவ்ரிலாவுக்குத் தலை நிமிராமலே தெரிந்தது, அது கூரையில் எந்த இடமென்று.

மராமுரேஷ் மலையில் அந்த மரத் தேவாலயத்துக்கு இந்தக் கோடையில்தான் ஊர் கூடிக் கூரை மாற்றியது. வீட்டுக்கொரு பங்கு. அவரவர் மர ஓடு, அவரவர் ஆணி. மற்றவர்கள் குளிர்காலம் முழுக்க மரத்தை நார் போன போக்கில் கோடாலியால் பிளந்தார்கள். பிளந்த ஓட்டில் தண்ணீர் வழுக்கிப் போகும். அறுத்த ஓடு தண்ணீரைக் குடித்து வளைந்து வாய் பிளக்கும். இத்தாலியில் கட்டட வேலை பார்த்த கவ்ரிலா லீவில் வந்து, ரம்ப ஆலையில் அறுத்ததை வாங்கி, பிளந்தது போலத் தெரியக் கத்தியால் சீவி அடித்துவிட்டான். "இத்தாலி போயும் கை மறக்கல உனக்கு," என்று பக்கத்துப் பங்குக்காரன் ஸ்தான் சொன்னபோது சிரித்து வாங்கிக்கொண்டான்.

பெண்கள் அறைச் சுவரில் நரகம் சித்திரமாக எழுதியிருந்தது. அளவில் ஏமாற்றிய மாவு மில்காரன் கழுத்தில் எந்திரக்கல்லோடு நெருப்பில் கிடந்தான். தண்ணீர் நேராக அவன்மேல் வழிந்தது.

"கவ்ரிலா புண்ணியத்துல நரகத்துக்கும் ஒரு வாய் தண்ணி," என்றாள் ஒருத்தி. முக்காடுகள் குலுங்கின.

அவன் மனைவி இரினா சிரிக்கவில்லை. முக்காட்டு நுனியால் சுவரை ஒற்றினாள். துணியில் சிவப்பு ஏறியது. ஆண்கள் பக்கம் திறக்கும் நடுவாசல் வரை வந்து, "மேல போய்ப் பாரு," என்றாள்.

"பூசை முடியட்டும்."

"சாயம் கரையுது. அதுக்குள்ள சுவத்துல ஒண்ணும் மிஞ்சாது."

நகர்ந்தவனிடம் ஸ்தான் குனிந்து சொன்னான்: "அறுத்த பலகைன்னு அன்னைக்கே தெரியும்டா. உன் பொண்டாட்டி முகத்துக்காகத்தான் வாய மூடிட்டிருந்தேன்."

மணிக்கூண்டு ஏணி பெண்கள் அறையில் இருந்தது. பெண்கள் பாவாடைகளை ஒதுக்கி வழி விட்டார்கள். இரினா சுவரைப் பார்த்து நின்றாள். ஈரப் பூட்ஸ் ஒவ்வொரு படியிலும் கிறீச்சிட்டது.

மேலே இருட்டில், தன் ஓடுகள் வாய் பிளந்த இடத்தில் மட்டும் வானம் தெரிந்தது. வாளி கொண்டுவர மறந்திருந்தான். இறங்கி, மறுபடி அவர்களைத் தாண்டிப் போய்க் கேட்க வேண்டும். இரு கைகளையும் குவித்துச் சொட்டுக்குக் கீழே பிடித்தான். கீழே பாதிரியாரின் குரல் உயர்ந்தது. ஊரே சிலுவை போட்டுக்கொள்ளும் துணிச் சலசலப்பு கேட்டது. அவன் கைகள் நிறைந்திருந்தன. தண்ணீர் சட்டைக்குள் இறங்கியது. முழங்கை நுனியில் ஒரு சொட்டு மெல்லத் திரண்டுகொண்டிருந்தது.