நீலாம்பாள் போடாத கையெழுத்து

இராஜாங்கம் காரோடு வந்து இறங்கியபோது நீலாம்பாள் கொல்லையில் மீன் அலசிக்கொண்டிருந்தாள். மனநல மருத்துவமனையில் அவள் பல வருடம் கிடந்தபோது அண்ணன் ஒருமுறைகூட எட்டிப் பார்த்ததில்லை. இப்போது திருவையாற்றில், தொண்டு நிறுவனம் பிடித்துக் கொடுத்த வாடகை வீட்டில், அவளைப் போலவே மருத்துவமனையிலிருந்து வந்த மூன்று பெண்களோடு இருக்கிறாள். சமையல், சந்தை, மாத்திரை எல்லாம் அவர்களே பார்த்துக்கொண்டார்கள். துணைக்குப் பிரகதாம்பாள் என்ற பணியாளர் பகலில் வந்துபோவார்.

"உக்காருண்ணே. சாப்பிட்டுப் போகலாம்."

அவன் உட்காரவில்லை. முத்துப்பேட்டைக்குப் பக்கத்தில் அவர்களுடைய அம்மா அம்சத்தின் நிலம் ஒரு ஏக்கர் இருந்தது. மிராசுதாரின் உச்சவரம்பு நிலத்தைப் பிரித்துக் கூலியாட்களுக்குப் பட்டா கொடுத்தபோது கிடைத்தது. அதற்காக ஊர்வலம் போய்ப் போலீசிடம் அடி வாங்கியவள் அம்சம். அந்த நிலத்தை இறால் பண்ணைக்கு விற்க இராஜாங்கம் பேசி முடித்திருந்தான். வாரிசு என்ற முறையில் தங்கையும் கையெழுத்துப் போட வேண்டும்.

"ரிஜிஸ்டர் ஆபீஸ்ல ஒரு கையெழுத்து. சாயங்காலம் கொண்டாந்து விட்டுர்றேன்."

"நான் விக்கலண்ணே. அங்க உப்புத்தண்ணிய விட்டா பக்கத்து வயலும் வீணாப் போயிரும்."

இராஜாங்கத்தின் முகம் மாறியது. வாசற்படியில் நின்ற பிரகதாம்பாளிடம் திரும்பினான். "புத்தி சரியில்லாதவ. நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கம்மா."

"அவங்க நிலம். அவங்கதான் முடிவு பண்ணணும்," என்றார் அவர்.

நீலாம்பாளின் காதில், அவளுக்கு மட்டும் கேட்கும் அந்தப் பழைய குரல் ஆரம்பித்தது. உனக்கு என்ன தெரியும் என்று ஏசியது. அது வந்தால் என்ன செய்வதென்று அவள் பழகியிருந்தாள். கைகளைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு நிதானமாக மூச்சு விட்டாள். அவளோடு குடியிருக்கும் மெஹராஜ் பேகம் அடுப்படியிலிருந்து வந்து பக்கத்தில் நின்றாள்.

குரல் அடங்கியதும் நீலாம்பாள் எழுந்தாள். "எனக்குப் புத்தி இல்லன்னா என் கையெழுத்து செல்லாதுண்ணே. இருக்குன்னா, நான் போடல. எதுன்னு நீயே சொல்லு."

இராஜாங்கம் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். "பசங்க ரெண்டு பேரும் திருப்பூர்ல இருக்கானுவ. ஒத்த ஆளா முடியல நீலா."

"அத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல. நீ உழுது வை. நடவுக்கு நாங்க வர்றோம்."

"நாங்கன்னா?"

"நானும் மெஹராஜும்."

மெஹராஜ் முத்துப்பேட்டை கடைவீதியில் வளர்ந்தவள். வயலில் கால் வைத்ததில்லை. "சொல்லிக் குடுத்தா நட மாட்டேனா?" என்றாள்.

ஐப்பசியில் இருவரும் பஸ் ஏறிப் போனார்கள். வயலில் இறங்கியவுடனேயே மெஹராஜ் சேற்றில் குப்புற விழுந்தாள். எழுந்தபோது அவளே முதலில் சிரித்தாள். நீலாம்பாளின் விரல்கள் எதையும் மறந்திருக்கவில்லை. காலையில் அவளைக் கண்டு ஒதுங்கி நின்ற நடவாட்கள், மதியத்துக்குள் அவளோடு ஒரே வரிசையில் குனிந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள்.

வேலை முடிந்ததும் அண்ணி கேட்டாள்: "இங்கயே இருந்துரேன் நீலா."

"எனக்கு வீடு இருக்கு அண்ணி. அறுப்புக்கு வர்றேன்," என்று சொல்லிவிட்டு நீலாம்பாள் பம்புசெட்டில் கால் கழுவப் போனாள்.