கலங்காத மனத்துக்குத் தொண்ணூற்றாறு

மருத்துவர் கொடுத்த சீட்டில் மூன்று வாரம் ஓய்வு என்று இருந்தது. மேலாளர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார், அங்கே ஏதாவது நல்ல செய்தி இருக்குமோ என்பதுபோல.

"ஓய்வுன்னு போட்டிருக்காரே தவிர, என்ன நோய்னு போடலையே அக்கா?"

"வேலை பாத்துப் பாத்து ஓஞ்சு போயிட்டேன்னு போட்டிருக்காரு சார். கீழ பாருங்க."

"அது நோயா? அது எல்லாருக்கும் இருக்கறதுதானே."

அவரைவிட நான்கு வயது சின்னவள் அவள். ஆனாலும் அந்த அலுவலகத்தில் எல்லாருக்கும் அவள் அக்காதான். லிஃப்டுகளைப் பராமரிக்கும் நிறுவனம் அது. ஊரில் எந்தக் கட்டடத்திலாவது லிஃப்ட் பாதியில் நின்றால், உள்ளே மாட்டிக்கொண்டவர் சிவப்புப் பொத்தானை அழுத்துவார். இங்கே மணி அடிக்கும். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பெயர் கேட்க வேண்டும், கதவைத் தள்ளாதீர்கள் என்று சொல்ல வேண்டும், மெக்கானிக்கை அனுப்ப வேண்டும். இதெல்லாம் சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. மெக்கானிக் போய்ச் சேரும்வரை உள்ளே இருப்பவரோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது மட்டும் எழுதி ஒட்ட முடியாத வேலை. அதில் அவள் கெட்டிக்காரி. ஒருமுறை உள்ளே மாட்டிக்கொண்ட ஒரு புருஷனும் பெண்டாட்டியும் அவளிடம் மாற்றி மாற்றிப் புகார் சொல்லி, கதவு திறந்தபோது சமாதானமாகி வெளியே வந்தார்கள்.

அது பழைய கதை. பதினோரு வருடத்தில் லிஃப்டுகள் மூன்று மடங்காயின. எட்டுப் பேர் இருந்த அறையில் ஐந்து பேர் ஆனார்கள். இப்போதெல்லாம் அவளுக்குக் குழாயைத் திறந்தால் மணி கேட்டது, குழாயை மூடினாலும் கேட்டது. அதைக்கூட அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உள்ளே ஒருவர் கத்தும்போது தனக்கு ஒன்றுமே ஆகவில்லையே என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது. அந்தப் பயமும் தூரத்தில், யாருக்கோ வந்ததுபோல இருந்தது. என்றைக்காவது யாரையாவது கைவிட்டுவிடுவோம் என்று தோன்றியதால்தான் மருத்துவரிடமே போனாள்.

"லீவுக்கு முன்னாடி கம்பெனி ஒரு வழி வெச்சிருக்கு" என்றார் மேலாளர். "கிரேக்க ஞானம். ஆறு வாரம். செவ்வாய்க்கிழமை மூணு மணிக்கு வகுப்பு. போன்ல தினமும் கேள்வி வரும், பதில் தட்டணும். ஆறாவது வாரம் மார்க் கொறைச்சலா இருந்தா உடனே லீவு. நல்ல மார்க் வந்துட்டா..."

"வந்துட்டா?"

"லீவே தேவையில்லையே! குணமாயிடுச்சுன்னு அர்த்தம்." அவர் மனப்பூர்வமாகச் சந்தோஷப்பட்டார்.

வகுப்பு எடுத்தவர் ஒரு பேராசிரியர். கல்லூரியில் அவருடைய தத்துவத் துறையை மூடிவிட்டார்கள். அதனால் இப்படி அலுவலகம் அலுவலகமாகப் போய்ப் பேசிக்கொண்டிருந்தார். நன்றாகப் பேசினார் என்பதுதான் இதில் பெரிய எரிச்சல். மோசமாகப் பேசியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம். இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்னால் சந்தைக்கடையில் நின்று பேசியவர்களைப் பற்றிச் சொன்னார். நடப்பது மனிதனைக் கலக்குவதில்லை, நடப்பதைப் பற்றி அவன் தனக்குள் சொல்லிக்கொள்வதுதான் கலக்குகிறது என்றார். படுக்கப் போகுமுன் அன்றைய நாளைத் தனக்குத்தானே விசாரித்துக்கொள்ளும் பழக்கம் பற்றிச் சொன்னார். சொல்லிவிட்டு நடுநடுவே ரொம்ப நேரம் பேசாமல் நின்றார். அந்த அமைதி அவளுக்குப் பிடித்திருந்தது. வாரத்தில் அவள் காதுக்குக் கிடைத்த ஓய்வு அவ்வளவுதான்.

போனில் வந்த கேள்விகள் வேறு மாதிரி. அவற்றைத் தயாரித்தவர்கள் வேறு யாரோ.

இன்று உங்களை யாராவது கோபப்படுத்தினார்களா? இல்லை என்று தட்டினாள். உண்மைதான். இன்று எதற்காவது அழுதீர்களா? இல்லை. நடக்காத ஒன்றுக்கு ஆசைப்பட்டீர்களா? அவள் யோசித்தாள். இல்லை. நாளையைப் பற்றிக் கவலை உண்டா? இல்லை.

முதல் வாரம் எழுபத்தொன்று. மூன்றாவது வாரம் எண்பத்து மூன்று. ஐந்தாவது வாரம் தொண்ணூற்றாறு. திரையில் ஒரு பச்சைத் தாடிக்காரர் தோன்றி, 'கலங்காத மனம் அடைந்தீர்கள்' என்று கையை உயர்த்தி ஆசீர்வதித்தார்.

"நல்ல மார்க் வாங்கிட்டு மூஞ்சத் தூக்கி வெச்சிருக்கற மொத ஆளு நீதான்" என்றான் அவள் கணவன்.

"லீவு போச்சு."

"இதுக்கு எதுக்கு இவ்ளோ யோசனை? பொய் சொல்லு. கோவம் வந்துச்சுன்னு தட்டு."

தட்டினாள். உடனே காரணம் கேட்டது, குறைந்தது முப்பது எழுத்தில். அவள் போனைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கணவன் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தான்.

"உங்க மேலாளர் இருக்காரே? அந்தாளை நெனச்சா எனக்கே பத்திக்கிட்டு வருது."

"தெரியுது. எனக்கு வரலயே."

"சரி, என்னை நெனச்சுக்கோ. நேத்து ஈரத் துண்டைக் கட்டில் மேல போட்டேனே?"

"ஆமா, போட்டீங்க" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அவன் எழுந்து போய்த் துண்டை எடுத்துக் கொடியில் போட்டான். அவள் மறுபடி இல்லை என்றே தட்டினாள்.

ஆறாவது செவ்வாய்க்கிழமை மேலாளரும் வகுப்புக்கு வந்தார். அழைப்புகளைப் பார்த்துக்கொள்ள ஒருவரை மட்டும் விட்டுவிட்டு மற்ற நான்கு பேரும் கூட்ட அறையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கண்ணாடிச் சுவர், கதவு திறந்திருந்தது.

"நம்ம அக்காதான் கம்பெனியிலயே முதல் மார்க்" என்று ஆரம்பித்தார் மேலாளர். "ஞானம்னா எப்படி இருக்கும்னு நீங்களே கேளுங்க. போன வாரத்து அழைப்பு ஒண்ணு."

ஒலிப்பதிவை ஓடவிட்டார். ஒரு ஆணின் குரல் மூச்சு வாங்கியது. உள்ளே விளக்கும் அணைந்துவிட்டது என்றார் அவர். பெயர் கேட்டாள் அவள். சொன்னார். கதவைத் தள்ளாதீர்கள் என்றாள். கொஞ்சம் கழித்து மறுபடி பெயர் கேட்டாள். மறுபடி சொன்னார். மூன்றாவது முறை கேட்டபோது அவர் சொல்லவில்லை.

"அம்மா, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. நீங்க ஆளா? இல்ல பதிவு பண்ணி வெச்ச குரலா?"

ஒலிப்பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. எந்தப் பதிலும் இல்லை. இருட்டில் அந்த மனிதர் விட்ட மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அவளுடைய குரல், துவைத்துக் காயப்போட்ட துணி மாதிரி, வந்தது: "கதவைத் தள்ளாதீங்க."

"பாத்தீங்களா? ஆள் எவ்ளோ சீண்டறாரு! ஒரு துளி கலங்கலையே!" என்றார் மேலாளர்.

அவள் அந்தக் குரலை இதற்கு முன் வெளியிலிருந்து கேட்டதில்லை. அந்த மனிதர் சீண்டவில்லை. இருட்டில் தனியாக நின்றுகொண்டு, அந்தப் பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டிருக்கிறார். இருக்கிறேன் என்று சொல்ல இவளுக்கு வாய் வரவில்லை.

"நிறுத்துங்க அதை" என்றாள்.

"இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு அக்கா, இதுக்கப்புறம்தான்..."

"நிறுத்துய்யான்னா!"

அறையே திரும்பிப் பார்த்தது. மேலாளர் நிறுத்தினார்.

"அந்தாளு உசுரக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கறாரு. நான் அந்நேரத்துல என்ன நெனச்சுக்கிட்டு இருந்தேன் தெரியுமா? ஒண்ணுமே நெனைக்கல. வெங்காயம் வாங்கணும்னுகூட நெனைக்கல. இதுக்குப் பேரு ஞானமா? இதுக்கு ஒரு தாடிக்காரன் ஆசீர்வாதம் வேற!"

மேலாளர் உதவிக்குப் பேராசிரியரைப் பார்த்தார். பேராசிரியர் வழக்கம்போல ரொம்ப நேரம் பேசவில்லை. அவர் முகம் மட்டும் சிவந்துகொண்டே வந்தது.

"அந்தக் கேள்வியெல்லாம் நான் எழுதினதில்ல" என்றார் கடைசியில். "இப்படி மார்க் போடுவாங்கன்னு தெரிஞ்சிருந்தா மொத நாளே போயிருப்பேன். கலங்காம இருக்கணும்னு அந்தக் கிரேக்கக்காரங்க சொன்னது அக்கறை இருக்கறவனைப் பாத்து. கலங்கறதுக்கே மொதல்ல ஒரு ஆள் வேணும்ல சார்? பொணத்துக்கு வெச்சா நூத்துக்கு நூறு வரும் உங்க பரீட்சையில."

"நீங்க இப்படிப் பேசினா அடுத்த தடவை கம்பெனி உங்களைக் கூப்பிடாது" என்றார் மேலாளர், மிரட்டலாக இல்லாமல், உண்மையான வருத்தத்தோடு.

"கூப்பிட வேண்டாம். இந்தம்மாவுக்குக் குணமாகலைன்னு நான் எழுதித் தரேன். பேனா குடுங்க."

மருத்துவர் சீட்டு மேலாளரின் கோப்பில்தான் இருந்தது. பேராசிரியர் அதன் கீழேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேலாளர் அதை வாங்கிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"தலைமை அலுவலகத்துல கேப்பாங்களே, தொண்ணூத்தாறு வாங்கினவங்களுக்கு எதுக்கு லீவுன்னு. நான் என்ன பதில் சொல்லுவேன்?"

அப்போது பக்கத்து அறையில் மணி அடித்தது. அங்கே இருந்தவர் ஏற்கெனவே வேறொரு அழைப்பில் இருந்தார். மணி விடாமல் அடித்தது. அவளுடைய கால் தானாக நகர்ந்தது. எழுந்தவள் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"நான் போகல" என்றாள் பக்கத்தில் இருந்தவளிடம். "போனா மறுபடி அதே குரல்தான் வரும். நீ போடி."

அந்தப் பெண்ணை அவர்கள் பாட்டுக்காரி என்பார்கள். அழைப்புக்கும் அழைப்புக்கும் நடுவே எதையாவது முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள் என்பதால் வந்த பெயர். அவள் முணுமுணுத்து யாரும் கேட்டு இரண்டு வருடம் ஆகியிருக்கும். பாட்டுக்காரி எழுந்து போய் ஹெட்செட்டை மாட்டினாள். திறந்த கதவு வழியாகக் குரல் வந்தது.

"பேர் சொல்லுங்க. கதவைத் தள்ளாதீங்க. ஆள் வந்துட்டு இருக்காங்க. பேர் சொல்லுங்க."

அதே குரல். வேறு வாயிலிருந்து, ஒரு நூல் பிசகாமல் அதே குரல்.

மேலாளர் கண்ணாடி வழியாகப் பாட்டுக்காரியையே பார்த்தார். பிறகு மீதி இருந்த மூன்று முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இவளுக்கு எவ்ளோ மார்க்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"தொண்ணூத்தஞ்சு சார்" என்றார் மூலையில் இருந்தவர். "எனக்குத் தொண்ணூத்திமூணு."

மேலாளர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். சீட்டை மேசையில் வைத்து, ஓரத்தில் 'அனுமதி' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, அவளிடம் நீட்டினார்.

அவள் வாங்கிப் படித்தாள்.

"ரெண்டு வாரம்னு எழுதியிருக்கீங்க சார்."

"இப்போதைக்கு ரெண்டு. ஆளில்லாத நேரம் அக்கா, கொஞ்சம் பாத்து..."

"மூணு."

அவள் குரல் உயர்ந்திருந்தது. கொஞ்சம் நடுங்கவும் செய்தது. சீட்டை மேசைமேல் அவர் பக்கமாகத் திருப்பி வைத்து, அந்த எழுத்துக்குப் பக்கத்தில் விரலை ஊன்றினாள். அவர் அடித்துவிட்டு மூன்று என்று எழுதினார்.

"அடிச்ச இடத்துலயும் ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றாள். போடும்வரை விரலை எடுக்கவில்லை.