வீரம்மாளும் செண்பகமும் பேசியது

வீரம்மாளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அதனால் பேச்சும் வரவில்லை. முப்பத்துநாலு வயது வரை அவளுக்கும் தங்கை கோவிந்தம்மாளுக்கும் நடுவில் இருந்தது பத்துப் பன்னிரண்டு சைகைதான். சாப்பிடு, தண்ணி, வா, தூங்கு. அதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று திருவெண்ணெய்நல்லூரில் எல்லாரும் நினைத்தார்கள். கோவிந்தம்மாளும் அப்படித்தான் நினைத்தாள்.

1937இல் பிழைப்புக்காக இருவரும் திண்டிவனம் வந்து, ஒரு கடலை மண்டியில் மல்லாட்டை உடைக்கிற வேலைக்குச் சேர்ந்தார்கள். கோவிந்தம்மாளின் கைக்குழந்தை அம்மணி பெரும்பாலும் வீரம்மாளின் மடியில்தான் கிடக்கும். கொஞ்ச நாளில் முகையூரிலிருந்து செண்பகம் என்று ஒருத்தி வந்தாள். அவளுக்கும் காது கேட்காது.

முதலில் இருவருக்கும் ஒத்து வரவில்லை. தண்ணிக்கு வீரம்மாள் கட்டைவிரலை வாய்க்குக் காட்டுவாள். செண்பகம் கிணற்றுக் கயிறு இழுப்பாள். பத்து நாளில் இருவருமே கயிறு இழுத்தார்கள். ஆறு மாதத்தில் அந்த இழுப்பும் சுருங்கி, இரண்டு விரல் லேசாக மடங்கினாலே தண்ணி என்று ஆனது. தோளுக்குப் பின்னால் தட்டினால் நேற்று. மீசையை முறுக்கினால் மேஸ்திரி. ஒரு வருஷம் கழித்து அவர்கள் கை போகிற வேகத்தில் கோவிந்தம்மாளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

அம்மணி வாயால் அம்மா என்று சொல்வதற்கு முன்பே விரலை மடக்கித் தண்ணி கேட்டாள். நாலு வயதில் அவள் கை பெரியவர்கள் கையை மிஞ்சியது. அவர்கள் ஒவ்வொன்றாகக் காட்டுவதை அவள் ஒரே வீச்சில், யார் யாரிடம் போனார்கள் என்பது உட்படக் காட்டிவிடுவாள். வேலையை விட்டுவிட்டு இருவரும் அவள் கையையே பார்ப்பார்கள். பிறகு அவர்களும் அப்படியே பேசத் தொடங்கினார்கள். அவளுக்கு அதை யார் சொல்லிக் கொடுத்தது என்று கோவிந்தம்மாளுக்கு விளங்கவேயில்லை.

ஐப்பசியில் ஒரு நாள் வெளியே நல்ல மழை. வீரம்மாள் கையால் ஏதோ சொல்ல, செண்பகம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“என்னாடி சொல்லிக்கினு இருக்குது பெரியம்மா?” என்று மகளைக் கேட்டாள் கோவிந்தம்மாள்.

“ஆத்து வெள்ளம்மா. தாத்தா பெரியம்மாவத் தூக்கி மரத்து மேல ஒக்கார வச்சாராம். அப்புறம் மாட்ட அவுத்துவுடப் போனாராம். தண்ணி இட்டுக்கினு போயிடுச்சாம்.”

கோவிந்தம்மாளின் கை நின்றுவிட்டது. அவள் தாய் வயிற்றில் இருந்தபோதே அப்பா பெண்ணையாற்று வெள்ளத்தில் போய்விட்டார். ஆறு வயது வீரம்மாளை மட்டும் மறுநாள் மரத்திலிருந்து இறக்கிக்கொண்டு வந்தார்கள். அவர் எப்படிப் போனார் என்று அம்மா சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். பார்த்தவள் முப்பத்திரண்டு வருஷமாகக் கூடவே இருந்திருக்கிறாள்.

“போறப்ப தாத்தா திரும்பிப் பாத்து இப்பிடிப் பண்ணாராம்.” அம்மணி இடது புருவத்தை இரண்டு தரம் தொட்டாள்.

“அது என்னாடி?”

“பெரியம்மாவோட பேரு. தாத்தா வச்சது.”

கோவிந்தம்மாள் எழுந்து போய் அக்காவின் எதிரில் உட்கார்ந்தாள். தயங்கித் தயங்கித் தன் புருவத்தைத் தொட்டாள்.  வீரம்மாள் தங்கையின் விரலைப் பிடித்து, கொஞ்சம் உள்ளே தள்ளி, புருவம் தொடங்குகிற இடத்தில் வைத்தாள். கோவிந்தம்மாள் மறுபடி சொன்னாள். இப்போது சரியாக வந்தது.

“எனுக்கு என்னா பேருன்னு கேளுடி.”

அம்மணி கேட்கவில்லை. அவளுக்கே தெரியும். வயிற்றின் மேல் உள்ளங்கையால் ஒரு வட்டம் போட்டாள்.

“நீ ஆயா வயித்துல இருந்தப்பவே பெரியம்மா வச்சதாம்.”