மேல் டிவிஷன், பதினேழாம் வீடு

திருநாவுக்கரசு பயந்துபோய் மேல் வீட்டைக் கேட்டானா, அல்லது நான் சொன்ன பிறகுதான் பயந்தானா என்பது எனக்கு இப்போது நிச்சயமில்லை. இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துப் பார்த்ததில் இரண்டுமே நடந்தவை போல ஆகிவிட்டன. போலீஸ் அதிகாரியிடம் நான் ஒன்றைச் சொன்னேன். அதைச் சொன்னது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

அது 1951. மலாயாவில், சிரம்பானிலிருந்து இரண்டு மணி நேரம் லாரியில் உள்ளே போகவேண்டிய தோட்டம். நான் ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணி. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பருக்கை சோறு போகக்கூடாது என்று, சிதறிக் கிடந்த தொழிலாளர் லயங்களை இடித்து எல்லாரையும் முள்வேலிக்குள் அடைக்கும்படி உத்தரவு வந்தது. மேல் டிவிஷனில் ஒரு வேலி, கீழ் டிவிஷனில் ஒரு வேலி. நடுவே மூன்று மைல் செம்மண் ரோடு, ஒரு பக்கம் ரப்பர், மறுபக்கம் காடு.

திருநாவுக்கரசு மேல் டிவிஷன் புகைக்கூட்டில் ரப்பர் ஷீட் காயப்போடுகிறவன். அவன் மனைவி பஞ்சாலை கீழ் டிவிஷன் ஆயாக் கொட்டகையில், ரப்பர் பாலுக்கு மரம் வெட்டப் போகிற பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவள். இருவரும் நடுவழியில் ஆற்றோர லயத்தில் குடியிருந்தார்கள். காலையில் அவன் மேட்டில் ஏறுவான், அவள் பள்ளத்தில் இறங்குவாள். ஆளுக்கு ஒன்றரை மைல். அந்த லயம்தான் முதலில் இடிபட்டது.

எந்த வேலிக்குள் குடியிருப்பது என்று சொல்ல, வீடு ஒதுக்கி எழுதுகிற என்னிடம் ஆபீசுக்கு வந்தார்கள்.

"கீழயே குடுத்திருங்க கிராணியய்யா," என்றாள் பஞ்சாலை. "புள்ளைய என்கிட்ட விட்டுட்டுத்தான் பொம்பளைங்க மரத்துக்குப் போவணும். நான் லேட்டா வந்தா மரத்த விட்டுட்டு என்னை வெட்டிருவாளுங்க."

"அப்ப நான் மட்டும் மூணு மைலு ஏறணுமா?" என்றான் அவன், சிரித்துக்கொண்டுதான்.

"ஏறுங்களேன். தொந்தியாவது கொறையட்டும்லா."

கீழ் டிவிஷனில் ஒரே ஒரு வீடு பாக்கியிருந்தது. அதை, ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் முருகையாவின் மச்சானுக்கு முந்தின நாளே பேசிவிட்டேன். முருகையா இரண்டு சேவல் கொண்டுவந்திருந்தார். இதை நான் அவர்களிடம் சொல்லவில்லை.

"ஆம்பள தனியா அந்த ரோட்டுல நடந்தா மிலிட்டரிக்காரன் மொதல்ல சுடுவான், பொறவுதான் ஐசி கார்டு கேப்பான்," என்றேன். "பொம்பளன்னா விட்டுருவான். நீங்களே யோசிச்சுக்குங்க."

திருநாவுக்கரசு சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தான். பஞ்சாலை அவன் முகத்தைப் பார்த்தாள். பரவாயில்லை, நான் நடக்கிறேன் என்று அவன் சொல்லட்டும் என்று காத்திருந்தாள். வெளியே யாரோ தகரத்தை இழுத்துக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் தேய்ந்து நிற்கும்வரை அவன் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி, மேலயே எழுதிக்குங்க," என்றாள் அவள்.

பதினேழாம் வீடு என்று எழுதினேன்.

தினமும் அவள் விடியும்போதே கேட்டைத் தாண்டவேண்டும். கேட்டில் ஆண்களைப் போலீஸ்காரன் தடவிப் பார்ப்பான். பெண்களைத் தடவ மாரியம்மா என்ற விதவையை வேலைக்கு வைத்திருந்தார்கள். அவளும் அந்த ஆற்றோர லயத்துக்காரிதான். அரிசியோ சோறோ வேலிக்கு வெளியே போனால் கைது.

ஆனால் ஆடி மாதம் வந்தது. தோட்டத்தின் அம்மன் கோயில் கீழ் வேலிக்குள் இருந்தது. ஆடிக் கூழுக்கு ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை மஞ்சள் தடவி எடுத்துவைப்பார்கள். எல்லா வீட்டு அரிசியும் ஒரே பானையில் விழவேண்டும். ஒரு வீடு விட்டுப்போனாலும் அந்த வீட்டில் அம்மை வரும் என்ற பயம் அவர்களுக்கு உண்டு. மேலே இருந்தவர்களில் தினமும் கீழே போகிறவள் பஞ்சாலை ஒருத்திதான். நாளுக்கு ஒரு வீட்டுப் பிடியை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். அம்மனுக்கு உள்ளதை யாரும் அரிசி என்று நினைக்கவில்லை. மாரியம்மா அந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்து, "அம்மாவுக்கா? போ போ, நேரமாச்சு" என்று அனுப்பிவிடுவாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாரியம்மாவின் வீட்டு முறை. அன்று கேட்டில் ஒரு வெள்ளைக்கார போலீஸ் அதிகாரி வந்து நின்றிருந்தார். மாரியம்மாவின் கை முடிச்சில் பட்டது. பஞ்சாலை அவளைப் பார்த்துச் சிரித்தாள். மாரியம்மா அதிகாரியைப் பார்த்தாள்.

"அரிசி! அரிசி வச்சிருக்கா தொர!" என்று கத்தினாள். அது அவளே விடியற்காலையில் அளந்து கொடுத்த அரிசி.

மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். மேஜைமேல் அரிசி மஞ்சளாகக் கிடந்தது. அதிகாரி அது ஏன் மஞ்சளாக இருக்கிறது என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

முதலில், வரவழைத்திருந்த திருநாவுக்கரசிடம் கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க," என்றான்.

"என்னாங்க, நேத்து நம்ம வீட்டு மொறைக்கு நீங்கதான அள்ளிக் குடுத்தீங்க?" என்றாள் பஞ்சாலை. கோபமாகக் கேட்கவில்லை. அவன் மறந்துவிட்டதாகவே நினைத்தாள்.

அவன் தன் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அதிகாரி அவளுடைய அடையாள அட்டையைத் திருப்பிப் பார்த்தார். வேலை கீழே, வீடு மேலே. வேலை செய்கிற இடத்தில் குடியிருக்காமல், காட்டோரமாகத் தினமும் மூன்று மைல் நடக்க எவளுக்கு ஆசை வரும், இந்த வீட்டை இவளுக்குக் கொடுத்தது யார் என்று என்னிடம் கேட்டார். உண்மையில் அவருக்கு அரிசியைவிட அதுதான் சந்தேகமாக இருந்தது.

பஞ்சாலைக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் டிவிஷன் என்ற வார்த்தை தெரியும்.

"அய்யா, நீங்க சொல்லுங்கய்யா. நான் கீழதான கேட்டேன்? ஒங்க வாயாலயே சொல்லுங்க."

முருகையாவின் மச்சானையும், இரண்டு சேவலையும், தோட்டத்துத் துரையின் முகத்தையும் நினைத்தேன். அதிகாரி பேனாவால் மேஜையைத் தட்டினார்.

"அவர்களே கேட்டு வாங்கியது சார்," என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டார்.

"தெரியாமல் செய்துவிட்டேன், மன்னியுங்கள் என்கிறாள்," என்றேன்.

நான் சொல்லிவிட்டேன் என்று நம்பி, பஞ்சாலை எனக்குக் கைகூப்பினாள்.

பஞ்சாலை ஒன்பது மாதம் தடுப்புக் காவலில் இருந்தாள். பிறகு கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டாள். போர்ட்டிக்சன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள் அவள், இந்தியாவைப் பார்த்ததேயில்லை. கணவனும் கூடப் போகலாம் என்றார்கள். திருநாவுக்கரசு போகவில்லை. புகைக்கூட்டுக்குப் பக்கத்தில் அதே பதினேழாம் வீட்டில் இருந்து, பன்னிரண்டு வருடம் கழித்து சிரம்பான் ஆஸ்பத்திரியில் காசநோயில் இறந்தான். மாரியம்மா வேலி பிரிக்கப்படும்வரை கேட்டில் வேலை பார்த்தாள். பஞ்சாலை பிடிபட்ட வருடம் ஆடிக் கூழ் காய்ச்சவில்லை, யாருக்கும் அம்மை வரவில்லை. முருகையாவின் மச்சான் கீழ் டிவிஷன் வீட்டில் நான்கு பிள்ளைகள் பெற்று வளர்த்தான். பஞ்சாலையிடமிருந்து கடிதம் எதுவும் வரவில்லை. நான் பெரிய கிராணியாகி ஓய்வு பெற்றேன். இப்போது சிரம்பான் பக்கத்தில் பாரோயில் மகன் வீட்டில் இருக்கிறேன்.