தூரோடு முடிந்த பேரம்

பிள்ளைகள் ஓடி விளையாட ஓர் இடம் என்ன விலை பெறும்? நான் பதினெட்டாயிரம் போட்டேன். அதுவும் மரத்துக்கு, இடத்தை யார் கேட்டார்கள்?

நான் கரி வியாபாரி. சீமைக் கருவேலத்தை மொத்தமாக விலைபேசி வெட்டி, மூட்டம் போட்டுக் கரியாக்கி லோடு ஏற்றுகிறவன். பாளையம்பட்டி தாண்டி ஒரு காலனி. அதன் பொது இடம் இரண்டு ஏக்கரும் முள்காடு. முன்பக்கம் லாரி பறக்கிற ரோடு. இரண்டுக்கும் நடுவே, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் வாசல்படிகளில் வரிசையாக உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருந்தன. பெண்பிள்ளைகளைப் புதர்ப்பக்கம் எட்டிப்பார்க்கவும் விடுவதில்லை.

காலனித் தலைவர் ஆண்டிச்சாமி விலைக்குத் தலையாட்டிவிட்டார். அட்வான்ஸ் எடுக்கச் சட்டைப்பையில் கைவிட்டேன். அப்போது குறுக்கே வந்தாள் அனுசியா. பத்தாவது படிக்கிறவள். பள்ளிக்கூடக் கோ-கோ அணியில் இருந்தாள். டவுனில் பயிற்சி முடிந்து வர இருட்டிவிடுகிறது என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அடுத்த மாதம் மறுபடி ஆள் எடுக்கிறார்களாம்.

"மரத்தை எந்த மட்டத்துல வெட்டுவீக அண்ணாச்சி?"

முழங்கால் மட்டம் என்றேன். எல்லா வியாபாரியும் அப்படித்தான். அடிக்கட்டையும் வேருமான தூரை விட்டுவைத்தால் மூன்று வருஷத்தில் தழைத்துவிடும், மறுபடி வந்து விலைபேசலாம். எங்கள் தொழிலில் அதுதான் பிக்சட் டெபாசிட்.

"தூர் கெடந்தா நாங்க எப்படி ஓடுறது? தோண்டி எடுத்து, தரையச் சமமாக்கிக் குடுங்க."

ஜேசிபிக்கு மணிக்கு ஆயிரத்து முந்நூறு, அதை யார் தருவது என்று சிரித்தேன்.

"குச்சிக்கரியவிடத் தூர்க்கரிதான கூட வெலை போகுது? எங்கம்மா மூட்டத்துலதான் வேலை பாக்குறாக. வேணாம்னா விடுங்க. மல்லாங்கிணறு ஏவாரி நாளைக்குக் காலைல வாராரு. இருபத்திரண்டு சொல்லிருக்காரு."

பக்கத்தில் நின்ற அவள் அம்மா முத்துத்தாய் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். ரகசியம் உடைந்த பதற்றம் என்று நினைத்தேன். அங்கே விழுந்தேன். இருபதாயிரம், தூரோடு, தரை சமப்படுத்தி என்று பேசி முடித்தேன்.

பிறகு சந்தையில் பார்த்தபோது மல்லாங்கிணற்று வியாபாரி அந்தக் காலனி எந்தப் பக்கம் இருக்கிறது என்று என்னிடமே கேட்டார். தராசுக்கு அடியில் தவழ்ந்து வளர்ந்தவன் நான். இல்லாத போட்டியைக் காட்டி மற்றவர்களிடம் விலை ஏற்றியவன். என்னிடமே அதை விற்றுவிட்டாள் அனுசியா. அவள் அம்மா தலைப்பால் பொத்தியது சிரிப்பை.

கடைசி லோடு ஏற்றப் போன சாயங்காலம், நான் வெட்டிய மரத்திலேயே நேராக இருந்த இரண்டைத் தேடி எடுத்துக் கோ-கோ கம்பம் நட்டிருந்தார்கள். முள் போனதால் எந்த வாசலில் நின்றாலும் மைதானம் முழுக்கத் தெரிந்தது; பெண்பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைக்க யாருக்கும் காரணம் இல்லை. அனுசியா கம்பத்தைச் சுற்றித் திரும்பின வேகத்தில் புழுதி என் லாரி வரை வந்தது. இருட்டுமுன் இங்கேயே பயிற்சி எடுத்தவளை முந்தின நாள்தான் அணியில் எடுத்திருந்தார்கள்.

லாரியில் சாய்ந்தபடி கணக்குப் போட்டேன். மரத்துக்கு இருபதாயிரம். ஜேசிபி ஒன்பது மணி நேரம், பதினோராயிரத்து எழுநூறு. தூர்க்கரியில் கூடுதல் வரவு ஒன்பதாயிரம். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வரவேண்டிய வியாபாரம், இனி கிடையாது. எதிர்ப்பக்கத்தில் எழுத, ஓடுகிறவர்களை எண்ணினேன். முப்பத்தெட்டுப் பிள்ளைகள், அதில் பெண்பிள்ளைகள் இருபத்தொன்று. வாசல்படியில் பாக்கி, ஒருவரும் இல்லை.