திறப்பு விழாத் திரை

சாக்கடை அடைத்து ஏழு மாதம். அதன் ஓரத்தில்தான் தையல்காரியின் கடை. தைத்த துணியை இரண்டு நாள் கம்பியில் மாட்டினால் போதும், நாற்றம் நூலுக்குள் இறங்கிவிடும். போன வாரம் ஒருத்தி கல்யாண ரவிக்கையை முகர்ந்து பார்த்துவிட்டு மேசைமேல் எறிந்துவிட்டுப் போனாள். இன்னும் நாலு பேர் இப்படி எறிந்தால் கடைக்குப் பூட்டுத்தான்.

அதனால்தான் கடைத்தெரு வளர்ச்சிக் கூட்டத்துக்குப் போனாள். கூப்பிட்டவன் அவள் கொழுந்தன், வியாபாரிகள் சங்கச் செயலாளர். நகராட்சி அதிகாரி, வங்கி மேலாளர், ஒப்பந்தக்காரர் எல்லாரும் வந்திருந்தார்கள். தெரு முன்னேற என்ன வேண்டும் என்று மஞ்சள் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார்கள். கடைக்காரர்கள் அத்தனை பேரும் எழுதியது சாக்கடையைத்தான்.

அதிகாரி படித்துவிட்டு முகம் சுளித்தார். "எல்லாரும் சாக்கடையையே பிடிச்சுட்டுத் தொங்கினா எப்படி? கொஞ்சம் பெரிசா யோசிங்க."

ஒப்பந்தக்காரர் பெரிதாக யோசித்தார்: தெருமுனையில் ஓர் அலங்கார வளைவு. கொழுந்தன் எழுந்து நின்று கை தட்டினான். அவள் சுவரில் ஒட்டியிருந்த தன் மஞ்சள் சீட்டைப் பார்த்தாள். ஊர் கூடித் தேர் இழுக்கிறார்களாம்! இழுக்கக் கடைக்காரர்கள், ஏறி உட்கார அவர்கள்.

வளைவின் ஒரு தூணைச் சாக்கடைக்குள்ளேயே இறக்கினார்கள். கொஞ்சநஞ்சம் ஓடிய தண்ணீரும் நின்று, கறுப்பாக அவள் வாசற்படி ஏறியது. அந்தப் படியில் நின்றுதான் கொழுந்தன் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டான்.

"அண்ணி, திறப்பு விழாவுக்குத் திரை தைக்கணும். உங்க பங்களிப்புன்னு வச்சுக்குங்க."

"மூக்குலேர்ந்து கையை எடுத்துட்டுக் கேளு தம்பி, தைக்கிறேன்."

அவன் எடுக்கவில்லை. இருந்தாலும் தைத்தாள், மனசுக்குள் அத்தனை பேரையும் திட்டிக்கொண்டே. வஞ்சகம் ஒன்றும் செய்யவில்லை. ஊரார் துணியை மாட்டுகிற அதே கம்பியில் விழா வரைக்கும் பத்து நாள் மாட்டிவைத்தாள், அவ்வளவுதான்.

விழாவன்று அதிகாரி கயிற்றை இழுத்தார். திரையைத் தாங்க ஒப்பந்தக்காரர் அடித்த ஆணி, அவருடைய மற்ற வேலைகளைப் போலத்தான். திரை மொத்தமும் அதிகாரியின் தலைமேல் விழுந்தது. உள்ளே ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. பிடுங்கி எடுக்கப் போன வங்கி மேலாளருக்கும் குமட்டியது.

"சீ! என்னம்மா துணி இது?" அதிகாரி வாயைத் துடைத்தார். "குறை இருந்தா கூட்டத்துல எழுதிக் குடுக்க மாட்டீங்களா?"

தையல்காரி திரையை எடுத்து உதறி, கல்யாணத் துணியை மடிப்பதுபோல ஒழுங்காக மடித்து, அவர் கையிலேயே கொடுத்தாள்.

"எழுதிக் குடுத்தேன் சார், நீங்களும் படிச்சீங்க. இப்பதான் முகர்ந்து பாத்திருக்கீங்க."