ஆர்த்தி திறந்த மதகு

வாய்க்கால் மதகுகளைக் கம்ப்யூட்டர் வழியாக ஏற்றி இறக்கும் மென்பொருளை எழுதுகிற கம்பெனி, தஞ்சாவூரில் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே இருந்தது. ஆர்த்தி அங்கே சேர்ந்ததிலிருந்து அவள் அப்பா அய்யாவு ஒன்றையேதான் கேட்டார். பட்டுக்கோட்டைப் பக்கம் வாய்க்கால் முடிகிற கடைமடையில் அவருக்குக் குத்தகை நிலம். முறை வைத்து விடும் தண்ணீர் அதுவரை வந்து சேருவதில்லை. பயிர் நின்ற மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

"ஒரு நா கூடுதலா எழுதிப்புடு தாயி. ஒனக்கு வெரலா தேயப்போவுது?"

"மேல்மடைக்காரங்க காய்வாங்கப்பா."

"காயட்டும். இத்தன வருசம் நாம காயல?"

ஒரு காலை போனிலேயே அழுதார். நாற்றுக்கட்டு சுமந்து தோள் காய்ப்பேறிய மனிதர் அழுது அவள் கேட்டதில்லை. முறை அட்டவணைக் கோப்பைத் திறந்து கடைமடைக்கு ஒரு நாள் கூட்டினாள், மேல்மடைக்குக் குறைத்தாள். அனுப்புவதற்கென்று அப்போதிருந்தபடியே அதன் நகலை எடுத்து வைத்தாள். 'ஸ்டேஜ்' பண்ணுவது என்பார்கள்.

மதியம் சாப்பிடப் போனவள் பாதியில் எழுந்தாள். மேல்மடையிலும் அவள் அம்மாவோடு ஒரே வரிசையில் நடவு நட்டவர்கள்தான் இருந்தார்கள். திரும்பி வந்தாள், கோப்பில் பழைய அட்டவணையையே போட்டாள், சேமித்தாள், 'கமிட்' கொடுத்து அனுப்பினாள். இன்னொருத்தர் சரிபார்க்கிற வழக்கம் அங்கே இல்லை.

மறுநாள் அய்யாவு கூப்பிட்டார்.

"வந்துருச்சு தாயி! வரப்பு முட்ட நிக்குது!"

அனுப்பியதைத் திறந்து பார்த்தாள். திரும்ப ஸ்டேஜ் பண்ண மறந்திருக்கிறாள். நெல்லைச் சாக்கில் பிடித்து வாயைத் தைத்த பிறகு களத்துக் குவியலைத் தூற்றினால் சாக்கிலுள்ள பதர் போகுமா? முதலில் எடுத்து வைத்ததுதான் போயிருக்கிறது.

"யார்கிட்டயும் சொல்லலியேப்பா?"

"சொல்லாம? டீக்கடையிலயே சொல்லிட்டேன். எம்மவ தொறந்துவுட்டான்னு. மேல்மடைத் துரைராசு மூஞ்சியப் பாக்கணுமே!"

போனை வைப்பதற்குள் டீம் லீட் அனுசுயா பின்னால் வந்து நின்றாள்.

"மேல்மடையிலேருந்து போன் மேல போன். மாத்துனது ஒன் பேர்ல இருக்கு."

"தவறிப் போயிடுச்சு மேடம்."

"தவறுனா ஒங்க ஊரா பாத்தா தவறும்? மொதல்ல திருப்பு. மத்தத அப்புறம் பேசுவோம்."

திருப்பலாம். ஆனால் போனது பதிவில் அப்படியே நிற்கும். அதற்குமேல் இன்னொன்று விழும், அதுவும் அவள் பெயரில். மேல்மடைக்கு அவள் ஏற்கெனவே தண்ணீர்த் திருடி.

போனை மறுபடி காதில் வைத்தாள். "அப்பா, மதகை மூடப் போறேன்."

"எவன் சொன்னான்?"

"நாந்தான் சொல்றேன்."

அய்யாவு மண்வெட்டியை வரப்பில் போட்ட சத்தம் கேட்டது.

"மூடிப்புட்டு ஊருப் பக்கம் வந்துராத. நானும் இங்க தல காட்டணும்."

அட்டவணையைத் திருத்தினாள். ஸ்டேஜ் பண்ணினாள். போகப்போவதை இந்த முறை வரிவரியாகப் படித்தாள். ஒரு தப்பும் இல்லை. அனுசுயா நாற்காலியை இழுத்து அவள் பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்தாள்.

"என்ன பாத்துக்கிட்டே இருக்க? அனுப்பு."